நாற்பத்து நாலாம் கிணறு

எனக்கு நாய் என்றால் பயம். நாற்பதை நெருங்கும் ஓர் ஆண்மகன் இதை எழுத்தில் ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் தயங்க வேண்டும்தான். எனக்குத் தயக்கமே இல்லை. ஏனென்றால் இந்த விஷயம் ஏற்கனவே இணையத்தில் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் கட்டணம் இல்லாமல் படிக்கலாம். அதற்கு ஒரு நிரந்தர எண்கூடக் கொடுத்திருக்கிறார்கள். நான் போனாலும் அது போகாதாம்.

எட்டொன்பது வருடங்களுக்கு முன் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளனாக இருந்தேன். ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை நிதி கொடுத்திருந்தது. சேலையூரில் ஆரம்பித்து மாடம்பாக்கம் வரை அறுபத்து நான்கு வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு, ஆய்வகத்தில் சோதித்து, 'குடிக்கலாம்', 'குடிக்கக் கூடாது' என்று வீட்டுக்கு ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். முடிந்ததும் ஒரு கட்டுரை எழுத வேண்டும். இதற்கெல்லாம் தலைவர் கிரேஸ் மேடம். மேடம் ஒருபோதும் சத்தம் போட மாட்டார். தப்பு செய்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஓ, அப்படியா ஜெபராஜ்?" என்பார். அதைக் கேட்டு நல்ல உடம்புக்காரர்களே லீவு போட்டிருக்கிறார்கள்.

கிணறு கிணறாகப் போன எனக்கு ஒரு கெட்ட பழக்கம். கணினியில் தண்ணீர்க் கணக்கை ஏற்றும்போது கடைசியில் 'குறிப்பு' என்று மேலிருந்து கீழாக ஒரு பத்தி வைத்து, மனதில் பட்டதையெல்லாம் தமிழில் தட்டிவைப்பேன். (வெயில்ல அலையறவனுக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு, சொல்லுங்க.) கிணறு 9: 'தண்ணீர் சுமார். முறுக்கு பிரமாதம்.' கிணறு 17: 'வீட்டுக்காரர் முக்கால் மணி நேரம் பேசினார். மருமகளைப் பற்றி மட்டும்.' கிணறு 31 மேடத்தின் சொந்த வீடு. அதற்கு நேரே நான் எழுதியிருந்தது இது: 'கிணற்றில் உப்பு இல்லை. காபியில் சர்க்கரை இல்லை. மேடத்தின் பேச்சில் இரண்டுமே இல்லை.'

இதுவரை விளையாட்டு. கிணறு 44-க்கு நேரே இருந்தது விளையாட்டு இல்லை. 'கேட்டுக்குள் பெரிய நாய். உள்ளே போகவில்லை. 43-இன் தண்ணீரையே இரண்டு பாட்டிலில் பிடித்தாயிற்று. பக்கத்துப் பக்கத்துக் கிணறுதானே.'

அதாவது நாற்பத்து நாலாம் கிணற்றை நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வீட்டுக்காரரிடம் தெருவில் வைத்துச் சம்மதம் வாங்கியதோடு சரி. 43 அருமையான தண்ணீர். அதனால் 44-ம் அருமையான தண்ணீர் ஆகிவிட்டது. 'குடிக்கலாம்' என்று சீட்டு அடித்து, நாய் தூங்கும் நேரம் பார்த்து, கேட்டின் இடுக்கில் சொருகிவிட்டு ஓடிவந்தேன். அறுபத்து நாலில் ஒன்று, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

இங்கே அந்த அறக்கட்டளையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொதுவாக ஒரு கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினால் அது எட்டு மாதம், பத்து மாதம் அங்கே கிடக்கும். பெயர் தெரியாத இரண்டு பேர் படித்து, பெயர் தெரியாத தைரியத்தில் திட்டுவார்கள். எல்லாம் திருத்தி அச்சில் வந்தால் அதைக் காசு கட்டியவர்கள்தான் படிக்க முடியும். எங்கள் அறக்கட்டளைக்கு இது பிடிக்கவில்லை. 'நாம் நிதி கொடுத்து நடக்கும் ஆராய்ச்சி, நம் தளத்திலேயே எல்லோரும் படிக்கும்படி வரட்டுமே' என்று சொந்தமாக ஒரு வெளியீட்டுத் தளம் தொடங்கிவிட்டார்கள். அதன் வழக்கமே தலைகீழ். கட்டுரை முதலில் வெளியாகிவிடும். மதிப்பீடு அதன் பிறகு, ஊரறிய, மதிப்பிடுகிறவரின் பெயரோடு நடக்கும். கட்டுரைக்கு ஆதாரமான கணக்கு முழுவதையும் கூடவே போட வேண்டும். திருத்தினால் இரண்டாம் பதிப்பு வரும், ஆனால் முதல் பதிப்பு அழியாது. அதுவும் பக்கத்திலேயே நிற்கும்.

இவ்வளவையும் அவர்கள் விதிமுறைகளில் தெளிவாக எழுதியிருந்தார்கள். நானும் அந்தப் பக்கத்தின் அடிவரை விரலால் தள்ளிக்கொண்டு போய், 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

குறிப்புப் பத்தியை நான் மறக்கவில்லை, அந்த அளவுக்கு முட்டாள் இல்லை. கணக்குக் கோப்பில் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து 'மறை' என்று அழுத்தினேன். மறைந்தது. பிறகு ஏற்றினேன். ஒரு வாரத்தில் அங்கிருந்து ஒரு பெண்மணி மரியாதையாகக் கேட்டிருந்தார்: 'உங்கள் கோப்பை எல்லாக் கணினியிலும் திறக்கும்படி எளிய வடிவுக்கு மாற்றியிருக்கிறோம். ஒருமுறை திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள்.' நான் திறக்கவில்லை. 'பார்த்தேன், சரியாக உள்ளது, நன்றி' என்று பதில் போட்டேன். எளிய வடிவுக்கு மாற்றினால் மறைத்த பத்தியெல்லாம் எழுந்து வந்து வரிசையில் நிற்கும் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்திருப்பார், பாவம்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு கட்டுரை வெளியானது. பத்தே காலுக்கு மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"ஜெபராஜ், ரொம்ப சந்தோஷம். லிங்கை டிபார்ட்மென்ட் குரூப்ல போட்டுட்டேன். பிரின்சிபாலுக்கும் அனுப்பிட்டேன். நீங்க கிணத்து ஓனர்ஸுக்கு ஒரு குரூப் வெச்சிருக்கீங்கல்ல, அதுலயும் போட்டாச்சு."

"அவங்களுக்கு எதுக்கு மேடம்?" என்றேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியாது.

"தண்ணி அவங்க குடுத்தது. அவங்கதானே முதல்ல படிக்கணும்? அதுக்குத்தானே இப்படி ஒரு பிளாட்ஃபார்மே வெச்சிருக்காங்க?"

மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். என் இடத்துக்கு வந்து, சும்மா அழகு பார்க்கலாம் என்று கோப்பைத் திறந்தேன். ஒன்பதாம் வரிசையில் முறுக்கு இருந்தது.

கண்ணை மூடித் திறந்து பார்த்தேன். முறுக்கு அங்கேயே இருந்தது. 17-இல் மருமகள். 31-இல் மேடத்தின் காபி. 44-க்கு வருவதற்குள் எழுந்து பாத்ரூமுக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தேன். நாயும் இருந்தது.

அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கோப்பை இறக்கினார்கள் என்று இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். பார்வைகள் இருபத்தேழு. இறக்கம் ஒன்று. அந்த ஒன்று யார்? யோசித்ததில், நான்தான் என்று தெரிந்தது. சற்று ஆறுதல். மாலைக்குள் இறக்கம் நான்கு ஆனது. அதில் மூன்று நான். நாலாவது ஆள் யார் என்ற கேள்வியோடு வீட்டுக்குப் போனால், அம்மா வாசலிலேயே நின்றார். அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. மேடமும் அவரும் ஒரே சபை.

"உன் கட்டுரை உலகம் பூரா தெரியுதாமே! மேடம் போன் பண்ணாங்க. நம்ம ஜெபக்குழு குரூப்ல போட்டுட்டேன்டா. எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்றாங்க."

நானும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

மறுநாள் அந்தப் பெண்மணிக்கு எழுதினேன். 'கோப்பைத் தயவுசெய்து நீக்குங்கள். தனிப்பட்ட குறிப்புகள் தவறி வந்துவிட்டன.' ஒரே மணி நேரத்தில் பதில். 'வெளியானதை நீக்குவது எங்கள் வழக்கம் இல்லை. நீங்கள் இரண்டாம் பதிப்பு வெளியிடலாம். ஆனால் யாருடைய அந்தரங்கமாவது பாதிக்கப்படுமானால் உடனே மறைத்துவிடுவோம். அதற்கு அந்தக் குறிப்புகள் அனைத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, உங்கள் திட்டத் தலைவரின் ஒப்புதலோடு அனுப்புங்கள்.'

மேடத்தின் ஒப்புதலோடு! 'மேடம், உங்கள் காபியைப் பற்றி நான் எழுதியதை ஆங்கிலத்தில் பெயர்த்திருக்கிறேன், ஒரு கையெழுத்துப் போடுங்கள்' என்று எப்படிப் போய் நிற்பது? மொழிபெயர்த்துப் பார்க்கவும் செய்தேன். தமிழில் கிண்டலாக இருந்தது ஆங்கிலத்தில் போலீஸ் புகார் மாதிரி வந்தது. அழித்துவிட்டேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் மனிதனாக இல்லை. போன் அடித்தால் தூக்கிப்போடும். கேம்ப் ரோடு சிக்னலில் யாராவது திரும்பிப் பார்த்தால் '9-ஆம் கிணறோ?' என்று தோன்றும். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் ஒருவர் போனைப் பார்த்துச் சிரித்தார். எட்டிப் பார்த்தேன், ஏதோ பூனை வீடியோ. முறுக்கு வீட்டையும் மருமகள் வீட்டையும் நினைத்து வெட்கமாக இருந்தது. ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது 44-தான். மற்றதெல்லாம் வாய்க்கொழுப்பு, மன்னிப்புக் கேட்டால் போய்விடும். 44 பொய்க்கணக்கு. அது தெரிந்தால் வேலை போகும், மேடத்தின் பெயரும் சேர்ந்து போகும். இரண்டு நாள் பயந்தேனே தவிர, அந்தச் சீட்டை நம்பி யாராவது அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பார்கள் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. இதை இப்போது எழுதவும் கூசுகிறது.

வியாழக்கிழமை காலை முதல் மதிப்பீடு வெளியானது. நாலாவது ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் தண்ணீர் பற்றிப் பாடம் நடத்தும் பேராசிரியர் அவர். திருநெல்வேலிக்காரர். கட்டுரையைப் பாராட்டி ஒரு பத்தி எழுதியிருந்தார். பிறகு ஆரம்பித்தார்.

'கணக்குக் கோப்பின் கடைசிப் பத்தி தமிழில் உள்ளது. தமிழ் அறியாத வாசகர்களின் வசதிக்காக முக்கியமான சிலவற்றை மொழிபெயர்த்துத் தருகிறேன்' என்று தொடங்கி, நான் இரண்டு நாள் முயன்று முடியாததை அருமையான ஆங்கிலத்தில் முடித்திருந்தார். அதன் கீழே எண் போட்டுக் கேள்விகள். 'கிணறு 9: முறுக்கின் தரம் எந்த முறையில் அளக்கப்பட்டது? கிணறு 31: காபியின் சர்க்கரை அளவு ஆய்வுக்குத் தொடர்புடையதா? கிணறு 44: இது மிகத் தீவிரமானது. இந்த மாதிரி எடுக்கப்படவே இல்லை என்று ஆசிரியரே எழுதியிருக்கிறார். பக்கத்துக் கிணறு என்பதால் தண்ணீர் ஒன்றாக இருக்கும் என்பதற்கு ஆதாரம் என்ன? அந்த வீட்டாருக்கு என்ன முடிவு சொல்லப்பட்டது?'

கடைசிக் கேள்வியைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொருகிய சீட்டு அவர்களிடம் இருக்கிறது.

மதிப்பீடு வந்தால் கட்டுரையில் பெயர் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் போகும். போன் அடித்தது. மேடம். மேசையில் கண்ணாடி வைக்கும் சத்தம் போனிலேயே கேட்டது.

"ஜெபராஜ், படிச்சேன்."

"மேடம்..."

"சாம்பிள் பாட்டில் ரெண்டு, வாளி, கயிறு எடுத்துட்டு வாங்க. நான் கார்ல வர்றேன். இப்பவே."

'ஓ, அப்படியா' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நாற்பத்து நாலாம் கிணறு இருந்தது மாடம்பாக்கத்தில், ஏழுமலை என்பவரின் வீட்டில். ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் அவர்கள் வயல். இப்போது சுற்றிலும் பிளாட் கட்டிவிட்டார்கள், நடுவில் அவர் வீடும் கிணறும் மட்டும் பழையபடி. மேடம் கேட்டுக்கு முன்னால் இறங்கி, பெரிய குடை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளிருந்து குரைப்பு வந்தது. பயல் என்னை மறக்கவில்லை.

"நீங்க முன்னாடி போங்க, ஜெபராஜ்."

"நீங்க மேடம்?"

"நான் கைடு. பின்னாடிதான் வருவேன்."

மேடம் குடையை விரித்து, கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டார். அவருக்கும் நாய் என்றால் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. கேட்டைத் தள்ளினேன். கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு வெள்ளை நாய் பாய்ந்து வந்தது. அடுத்து என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது கிணற்றங்கரையில் துவைக்கிற கல்லின் மேல் நின்றுகொண்டிருந்தேன், வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி. மேடம் காருக்குள் இருந்தார்.

"தே மேஜரு! சும்மா கெட!" என்று அதட்டியபடி ஏழுமலை வந்தார். அறுபது வயது, தோளில் துண்டு. நாய் உடனே படுத்துவிட்டது. கல்லுக்கு அடியிலேயே படுத்தது. "யார்ரா அது, துணி தொவைக்கற கல்லு மேல? அட, தண்ணி சாரு! இன்னா சார், மறுபடியும் வந்துகீற? அதான் நான் இல்லாதப்பவே மொண்டுகினு போயி சீட்டும் குட்த்துட்டியே!"

"சும்மா, இன்னொரு தடவை பார்க்கலாம்னு அண்ணா..." என்றேன் கல்லின் மேலிருந்து.

"பாரு, நல்லா பாரு. உன் புண்ணியத்துல நல்ல சேதி. சின்னப் பொண்ணு தலப்பிரசவத்துக்கு வந்துகீது. இன்னிக்கோ நாளைக்கோன்னு கீறா. மொதல்ல கேன் தண்ணிதான் வாங்கினு இருந்தோம். நீ குடிக்கலாம்னு எழுதிக் குட்த்த பாரு, அத்தோட கேனை நிறுத்திட்டேன். குழந்தைக்கும் இந்தத் தண்ணிதான். வூட்டுக் கிணறு வூட்டுக் கிணறுதான் சார்!"

வீட்டுக்குள் ஜன்னல் ஓரமாக ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். நாயின் மேல் எனக்கிருந்த பயம் அந்த நிமிடம் எங்கே போனது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. மேடம் கார்க் கண்ணாடியை இறக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லப்போவதில்லை, நான்தான் சொல்ல வேண்டும் என்று அந்தப் பார்வையில் இருந்தது.

கல்லின் மேல் நின்றபடியே சொன்னேன். "அண்ணா, அந்தச் சீட்டு பொய். நான் உங்க கிணத்துல தண்ணி எடுக்கவே இல்ல. நாய்க்குப் பயந்துகிட்டு பக்கத்து வீட்டுத் தண்ணியப் புடிச்சிட்டுப் போயிட்டேன். டெஸ்ட் பண்ணிச் சொல்ற வரைக்கும் யாரும் குடிக்காதீங்க. தங்கச்சிக்கு மட்டும் குடுக்கவே குடுக்காதீங்க."

ஏழுமலை என்னைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என்னை. அடிக்கப்போகிறார் என்று வாளியை முகத்துக்கு நேரே கொண்டுவந்தேன்.

"ஏம்பா, படிச்ச புள்ளதான நீ?" என்றார். குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "நாய்க்கு பயந்தா தெருவுல நின்னு ஒரு குரல் குட்த்திருந்தா நானே மொண்டு வந்து குட்த்திருப்பனே. இத்த சொல்றதுக்கு இன்னா வெக்கம்? இதுக்குப் போய் என் பொண்ணு உசுரோட வெளையாடிகினு கீறியே!"

அழுதுவிட்டேன். கல்லிலிருந்து இறங்கவும் முடியாமல், நின்றுகொண்டே அழுதேன். அவரே வாளியை வாங்கி, கிணற்றில் விட்டு, இரண்டு பாட்டிலிலும் நிரப்பிக் கொடுத்தார். அதற்கு முன்பே உள்ளே திரும்பி, "ஏய், பானையில கீற தண்ணியக் கொட்டுங்க! கேன்காரனுக்குப் போன் போடு!" என்று கத்தியிருந்தார்.

சோதனை முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் ஆய்வகத்தை விட்டு நகரவில்லை. தண்ணீர் நன்றாக இருந்துவிட்டால் தப்பித்தேன் என்று முதலில் ஜெபித்தேன். பிறகு அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று ஜெபித்தேன். சனிக்கிழமை முடிவு வந்தது. 43-உம் 44-உம் ஒரே ஊற்று இல்லை. 44-க்கு அடுத்தாற்போல் எழும்பிய பிளாட்டின் கழிவுத்தொட்டி கிணற்றுக்குப் பத்தடி தள்ளி. கழிவு கசிந்து நைட்ரேட் ஏகத்துக்கு இருந்தது. பெரியவர்களுக்கே ஆகாது, பிறந்த குழந்தைக்குப் பால்மாவு கலக்கவே கூடாத தண்ணீர்.

முடிவை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த முறை தெருவில் நின்று குரல் கொடுத்தேன். ஏழுமலையின் மனைவி எட்டிப் பார்த்து, வியாழன் இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள், பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்றார். கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். உள்ளிருந்து மேஜர் வந்து, கம்பி வழியாக என் முழங்கையை முகர்ந்துவிட்டுப் போனது. நான் எழுந்து ஓடவில்லை.

மேடம் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் இரண்டாம் பதிப்பை யார் எழுதுவது? அறுபத்து நாலு கிணற்றிலும் முதலிலிருந்து தண்ணீர் எடுக்க வைத்தார். 9-இலும் 17-இலும் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். (முறுக்கு வீட்டில் மறுபடியும் முறுக்கு குடுத்தாங்க. வெட்கமில்லாம சாப்பிட்டேன்.) இரண்டாம் பதிப்பில் அவரே தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'முதல் பதிப்பில் கிணறு 44-க்கான மாதிரி கிணறு 43-இலிருந்து எடுக்கப்பட்டது. காரணம், ஆசிரியருக்கு நாய் பயம்.' அதற்குக் கீழே பேராசிரியரின் இரண்டாம் மதிப்பீடு: 'ஏற்கிறேன். நாய் நலமா?' இன்றும் என் பெயரைத் தேடினால் முதலில் வருவது இதுதான். என் கல்யாணப் பேச்சு நடந்தபோது பெண் வீட்டாரும் தேடியிருக்கிறார்கள்.

தன் காபியைப் பற்றி மேடம் அன்றும் இன்றும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு எப்போது போனாலும் எனக்கு மட்டும் காபியில் நாலு கரண்டி சர்க்கரை விழுகிறது. கடைசிச் சொட்டு வரை குடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்.

நான் பெண் பார்க்கப் போவதற்கு முன்பே இரண்டு பதிப்பையும் முழுசாகப் படித்துவிட்டவள்தான் இப்போது என் மனைவி. எங்கள் வீட்டில் 'முடிச்சிட்டேன்' என்று நான் எதைச் சொன்னாலும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டாள். நேற்றுக்கூட, நான் படுக்கையில் சாய்ந்துவிட்ட பிறகு, மனைவி கூடத்திலிருந்து கேட்டாள்.

"கேஸை மூடிட்டீங்களா?"

"மூடிட்டேன்."

பக்கத்தில் படுத்திருந்த மகள் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"நாப்பத்தி நாலாப்பா, நாப்பத்தி மூணா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். மூடவில்லை.